படிப்பும் இல்லை, வேலையும் இல்லை: ஒதுங்கிப்போகும் இளைஞர்களுக்கு எப்படி உதவுவது?

ஓர் இளைஞர் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகவில்லை, வேலைக்கும் போகவில்லை, ஒரு தொழிலைக் கற்றுத்தரும் பயிற்சியிலும் சேரவில்லை. இந்த மூன்றிலும் இல்லாத இளைஞர்களைத் தனியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் இப்போது பெரும்பாலான நாடுகளில் வந்துவிட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2023-இல் உலகில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 20.4 விழுக்காட்டினர் இந்த நிலையில் இருந்தார்கள். அதாவது ஐந்தில் ஒருவர்.

இதை வேலையின்மையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புள்ளிவிவரத்தில் 'வேலையில்லாதவர்' என்றால் வேலை தேடிக்கொண்டிருப்பவர், கிடைத்தால் சேரத் தயாராக இருப்பவர். தேடுவதையே விட்டுவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நாலு இடத்தில் விண்ணப்பித்து, எங்கிருந்தும் பதில் வராமல் ஓய்ந்து உட்கார்ந்துவிட்ட பெண்ணும் வரமாட்டாள், பள்ளியை விட்டு நின்று வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்ட பையனும் வரமாட்டான். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்கள்தான் கணக்கிலிருந்து முதலில் நழுவுகிறார்கள்.

பிரிட்டனில் இது கண்கூடாக நடந்தது. 1988-இல் அங்கே 16, 17 வயதினரில் பெரும்பாலோருக்கு அரசின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. உதவித்தொகை இல்லையென்றால் வேலையில்லை என்று பதிவு செய்யக் காரணம் இல்லை. பதிவு இல்லையென்றால் எண்ணிக்கையிலும் இல்லை. அந்த வயதில் வேலையில்லாதவர்களே இல்லை என்பதுபோலக் காகிதம் காட்டியது. 1990-களின் நடுவில் தெற்கு வேல்ஸில் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, படிப்பு, வேலை, பயிற்சி என்ற எந்தப் பெட்டியிலும் அடங்காத பிள்ளைகள் கணிசமாக இருப்பது தெரியவந்தது. 1999-இல் பிரிட்டன் அரசே 16 முதல் 18 வயதுவரை உள்ள இவர்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த வகைப்பாடு மெல்ல மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சிக்கான இலக்குகளிலும் இப்போது இதற்கு ஓர் இடம் உண்டு. 8.6 என்ற எண்ணுள்ள இலக்கு அது.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை

'ஒதுங்கிய இளைஞர்' என்றதும் நம் மனதில் வரும் உருவம் பெரும்பாலும் ஒரு பையன். பகல் முழுக்கத் தூங்குவான், இரவெல்லாம் போனைப் பார்ப்பான், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் உலக அளவில் இந்தத் தொகுப்பில் மூன்றில் இருவர் பெண்கள். அதே 2023 கணக்கில் இளம்பெண்களில் 28.1 விழுக்காட்டினரும் இளம் ஆண்களில் 13.1 விழுக்காட்டினரும் இந்த நிலையில் இருந்தார்கள்.

அந்தப் பெண்களில் ஏராளமானோர் சும்மா இருப்பவர்களே இல்லை. கைக்குழந்தையைப் பார்க்கிறார்கள், படுக்கையில் இருக்கும் பாட்டிக்குப் பணிவிடை செய்கிறார்கள், தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் செய்வது வேலைதான், கூலி மட்டும் கிடையாது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் "உன்னிடம் ஊக்கம் குறைவு" என்று பேசினால் அது அபத்தம் மட்டுமில்லை, அநியாயமும்கூட. அவளுக்கு வேண்டியது குழந்தையை விட்டுவிட்டு வர நம்பகமான ஓர் இடமும், காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகலில் முடியும் வகுப்பும்.

இன்னொரு பக்கம் உடல்நலமோ மனநலமோ சரியில்லாதவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டு, அதை யாருக்கும் தெரியாமல் பல வருடம் மறைத்துவைத்திருப்பவர்கள். காப்பகங்களில் வளர்ந்து 18 வயதானதும் வெளியே வந்தவர்கள். வழக்கு ஒன்றில் சிக்கி மீண்டவர்கள். தேர்வு முடிவுக்கோ அடுத்த சேர்க்கைக்கோ காத்திருப்பவர்களும் இதில் உண்டு. இந்தக் கடைசி வகையினர் பெரும்பாலும் யார் உதவியும் இல்லாமலேயே சில மாதங்களில் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆக, உதவ வருகிறவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவரைத் தடுத்து நிறுத்துவது எது? விடை ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் ஒரே பயிற்சி வகுப்பு என்று திட்டம் போடும் இடத்திலேயே பாதித் தோல்வி ஆரம்பித்துவிடுகிறது.

பள்ளியை விட்டு நிற்பது ஒரு நாளில் நடப்பதில்லை

"திடீரென்று படிப்பை நிறுத்திவிட்டான்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களுக்கு அது திடீரென்றுதான் தெரிந்திருக்கும். ஆனால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் வேறு கதை தெரியும்.

ஒரு மாணவனின் வரிசையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எல்லா நாளும் வந்திருக்கிறான். இரண்டாம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் விடுப்பு. அப்புறம் கணக்குத் தேர்வு வைத்த அன்று வரவில்லை. நீண்ட விடுமுறை முடிந்து எல்லோரும் வந்த நாளில் அவன் இல்லை, நான்கு நாள் கழித்துத்தான் வருகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி, ஊருக்குப் போயிருந்தோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய விஷயமில்லை. வரிசையாகப் பார்த்தால் ஒருவன் மெல்லப் பின்வாங்குவது தெரிகிறது.

எந்த நாள் வரவில்லை என்பதிலேயே காரணத்தின் சாயல் இருக்கும். திங்கள் தோறும் வராவிட்டால், வார இறுதியில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். தேர்வு நாளில் மட்டும் காணோம் என்றால் பாடத்தில் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறான். பிற்பகலில் மட்டும் இல்லையென்றால் எங்கேயாவது சம்பாதிக்கப் போகிறானா என்று பார்க்கலாம். விளையாட்டு வகுப்பு இருக்கும் நாட்களாகவே அமைந்தால், அங்கே யாரோ அவனை வதைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. இதற்குக் கணினியோ மென்பொருளோ தேவையில்லை. வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் பதிவேட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 விழுக்காடு வராமல் போனாலே அதை நாள்பட்ட வருகைக்குறைவு என்கிறார்கள். 180 நாள் கொண்ட பள்ளி ஆண்டில் அது 18 நாள். மாதத்துக்கு இரண்டு நாள்தான். இவ்வளவு சின்ன அளவை வைத்திருக்கிறார்களே என்று முதலில் தோன்றும். ஆனால் கோட்டை அங்கே போட்டதால்தான், நிலைமை கைமீறுவதற்கு முன்பே பேச்சைத் தொடங்க முடிகிறது. சிகாகோ நகரில் செய்த நீண்ட ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒன்பதாம் வகுப்பை ஒழுங்காகக் கடக்கும் மாணவர்கள், அதாவது அடுத்த வகுப்புக்குத் தேவையான பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒன்றுக்கு மேல் தோற்காதவர்கள், மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை நேரத்துக்கு முடித்தார்கள். குடும்ப வருமானமோ, அதற்கு முன்பு வாங்கிய மதிப்பெண்ணோ இந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? அங்கே அதுதான் மேல்நிலைப் பள்ளியின் முதல் வருடம். புதுக் கட்டடம், புது ஆசிரியர்கள், பழைய நண்பர்கள் பாதிப் பேர் இல்லை. எந்த நாட்டிலும் இப்படி ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறும் வருடம்தான் ஆபத்தானது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தடுமாறுவார்கள். பழைய பள்ளியில் "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். புதுப் பள்ளியில் அவன் பெயரே யாருக்கும் இன்னும் மனதில் பதிந்திருக்காது.

காலியான நாள் ஒரு மனிதரை என்ன செய்கிறது

படிப்பை விட்ட பிறகு உடனே வேறு வழி கிடைத்தால் பெரிய சேதம் இல்லை. நாட்கள் நீள நீளத்தான் சிக்கல். இதைப் புரிந்துகொள்ள 90 வருடங்களுக்கு முந்தைய ஆய்வு ஒன்று இன்றும் உதவுகிறது. ஆஸ்திரியாவில் மாரியென்தால் என்ற சிற்றூரில் ஊரையே வாழவைத்த ஒரு நெசவாலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் தங்கள் குழுவோடு அந்த ஊரை ஆராய்ந்து 1933-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை போனதால் மக்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. அப்படியானால் நூலகத்தில் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. தெருவில் நடக்கும் ஆண்களின் நடை வேகம்கூடக் குறைந்திருந்தது. காலையிலிருந்து மதியம்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலையும் பள்ளியும் தருவது சம்பளமும் சான்றிதழும் மட்டும் இல்லை என்று யஹோடா பின்னர் விளக்கினார். அவை நாளுக்கு ஓர் ஒழுங்கு தருகின்றன, வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகின்றன, எல்லோரோடும் சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கத்தையும் 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளத்தையும் தருகின்றன. இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டால் எழுந்து வெளியே போவதே மலைப்பாகிவிடும். நடுப்பகலில் எழுந்திருக்கும் பையனைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் இதை ஒரு கணம் யோசிக்க வேண்டும். காலையில் எழ அவனுக்குக் காரணம் இருந்ததா? சோம்பலால் வெளியே போகாமல் இருக்கிறான் என்று நினைக்கிறோம். வெளியே போக இடமில்லாததால் சோம்பல் வந்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

திரும்பி வருகிற ஒரு மனிதர்

இனி உதவிக்கு வருவோம். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ திட்டங்கள் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அவற்றில் பலன் தந்தவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் மறுபடி மறுபடி வருகிறது. அந்த இளைஞரைப் பெயரோடு தெரிந்த, அவர் வராவிட்டால் கவனிக்கிற, கோபித்துக்கொண்டாலும் மறுவாரம் திரும்பி வருகிற ஒரு பெரியவர். திட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் சரி, இந்த ஆள் இல்லாத இடத்தில் மற்ற எதுவும் ஒட்டுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ஒரு முறை இதையே ஒரு வேலைத் திட்டமாக வகுத்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி. அவர் வாராவாரம் வருகை, தாமதம், மதிப்பெண், நடத்தை எல்லாவற்றையும் பார்ப்பார், மாணவரோடு தவறாமல் பேசுவார், வீட்டோடும் தொடர்பில் இருப்பார். குறைந்தது இரண்டு வருடம் அவரோடு இருப்பேன் என்று வழிகாட்டி முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர் பள்ளி மாறினாலும் முடிந்தவரை வழிகாட்டி மாறமாட்டார். இந்த இரண்டு வருடம் என்ற நிபந்தனைதான் முக்கியம். இந்தப் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே பெரியவர்களால் பாதியில் விடப்பட்டவர்கள். மூன்று மாதம் பழகிவிட்டு 'திட்டம் முடிந்தது' என்று போகிறவரைவிட யாருமே வராமல் இருந்திருந்தால் தேவலாம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றும்.

முதல் சந்திப்பு எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். போய் உட்கார்ந்ததும், "அடுத்து என்னப்பா பண்றதா உத்தேசம்?" என்று கேட்பார்கள். அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அந்தப் பையன் அலுத்திருப்பான். பதில் தெரிந்திருந்தால் அவன் இந்த நிலையிலேயே இருந்திருக்கமாட்டான். தலையைக் குனிந்துகொள்வான், பேச்சு அங்கேயே செத்துவிடும்.

"நேத்து பொழுது எப்படிப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் "சும்மாதான் இருந்தேன்" என்பான். அவசரப்படாமல் இருந்தால் மெல்ல ஒவ்வொன்றாக வரும். இரவு மூன்று மணி வரை விழித்திருந்தானாம். என்ன செய்தான்? யாருடைய பழைய போனையோ பிரித்துச் சரிசெய்து பார்த்தானாம். சரியாகிவிட்டதா? திரை வந்துவிட்டது, ஒலிபெருக்கிதான் இன்னும் வேலை செய்யவில்லை. இதைச் சொல்லும்போது அவன் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் 'எதிலும் ஆர்வமில்லாதவன்' என்று அறிமுகம் செய்யப்பட்ட பையன், விடியும்வரை ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறான். பேச்சை எங்கிருந்து தொடர வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

கிளம்பும்போது பெரிய வாக்குறுதி எதுவும் தர வேண்டாம், அவனிடமும் கேட்க வேண்டாம். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போய் நில்லுங்கள். அவன் கதவைத் திறக்காமல் போகலாம். ஒரு சீட்டில் "வந்திருந்தேன், அடுத்த வியாழன் மறுபடி வருகிறேன்" என்று எழுதி வைத்துவிட்டுத் திரும்புங்கள், அடுத்த வியாழனும் போங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் நம்பிக்கை ஊறும்.

ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மேடையில் ஏறி "உன்னால் முடியும்" என்று ஒரு மணி நேரம் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் காலை அதே வீடு, அதே தடை. அந்தப் பணத்தில் ஒரு வழிகாட்டியின் சம்பளத்தைக் கொடுத்தால் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வருடம் முழுக்கப் பின்தொடர முடியும்.

தெரியாததும் இல்லாததும்

சில நேரம் பிள்ளைகள் படிப்பை விடுவது தவறான கணக்கினால். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2001-இல் டொமினிகன் குடியரசில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், பள்ளியை முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் வருமானத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று கேட்டார். உண்மையில் இருந்ததைவிட மிகக் குறைவாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள். சில பள்ளிகளில் உண்மைக் கணக்கைச் சொன்னார்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யவில்லை. அடுத்த நான்கு வருடங்களில் அந்தப் பள்ளி மாணவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 வருடம் வரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரு தகவலுக்கு இவ்வளவு பலன் என்பது ஆச்சரியம்தான்.

ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்தத் தகவல் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. படித்தால் லாபம் என்று தெரிந்து என்ன செய்வது? இன்றைய சாப்பாட்டுக்கு அந்தப் பையனின் கூலி வேண்டியிருக்கிறதே. அங்கே பணமாகத்தான் உதவ வேண்டும். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம் அதைத்தான் செய்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் தொடர்ந்து வந்தால் தாயின் கையில் பணம். இடைநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அந்த வயதில்தான் அவர்கள் அதிகமாக நின்றார்கள். இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது. தெரியாததால் நிற்பவருக்குத் தகவல், இல்லாததால் நிற்பவருக்குப் பணம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் பலிக்காது.

ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் நடுவில்

பள்ளி ஒரு துறை, வேலைவாய்ப்பு ஒரு துறை, மனநலம் ஒரு துறை, வீட்டுவசதி இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இளைஞர்கள் காணாமல் போகிறார்கள். பள்ளி, "அவன் இனி எங்கள் மாணவன் இல்லை" என்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகம், "இன்னும் எங்களிடம் பதிவு செய்யவில்லை" என்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. நடுவில் நிற்கும் பையன் யார் பொறுப்பு?

நார்வே இதற்குச் சட்டத்தில் ஒரு பதில் வைத்தது. 1994-இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு, மேல்நிலைப் படிப்பில் சேராத அல்லது பாதியில் விட்ட இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பேசும் பொறுப்பு மாவட்ட நிர்வாகங்களின் கடமையானது. இளைஞர் தேடி வர வேண்டியதில்லை, நிர்வாகம்தான் தேடிப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2013-இல் 'இளைஞர் உத்தரவாதம்' என்ற ஒப்பந்தத்துக்கு வந்தன. 25 வயதுக்குட்பட்ட ஒருவர் படிப்பை முடித்தோ வேலையை இழந்தோ வெளியே நின்றால், நான்கு மாதத்துக்குள் வேலை, மேற்படிப்பு, தொழில் பழகுநர் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி இவற்றில் ஒன்றை முன்வைக்க வேண்டும் என்பது அது. 2020-இல் வயது வரம்பை 30-க்குக் கீழ் என்று உயர்த்தினார்கள். எல்லா நாடுகளும் இதை ஒரே தரத்தில் நிறைவேற்றவில்லை. ஆனாலும் காலக்கெடு என்ற ஒன்று வந்ததே பெரிய விஷயம். காத்திருப்பு நீளும்போது என்ன ஆகும் என்பதைத்தான் மாரியென்தாலில் பார்த்தோமே.

ஃபின்லாந்தின் 'ஓஹ்யாமோ' மையங்கள் இன்னும் எளிமையான யோசனை. 30 வயதுக்குட்பட்ட யாரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போகலாம். வேலைவாய்ப்பு அலுவலர், சமூகப் பணியாளர், கல்வி வழிகாட்டி எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ். தன் கதையை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய அவமானம் குறைகிறது. இவ்வளவு வசதி இல்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம். அடுத்த அலுவலகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்குப் பதில், முதல் தடவை கூடவே போகலாம். அரை நாள் செலவாகும். அங்கே இருப்பவரிடம், "இவர்தான் நான் சொன்னவர்" என்று நேரில் அறிமுகம் செய்துவிட்டு வந்தால், அந்த இளைஞர் மறுபடி அங்கே போவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடும்.

வேலை கிடைத்த பிறகுதான் கவனம் வேண்டும்

படிப்புக்குத் திரும்புவதா, வேலைக்குப் போவதா என்ற கேள்விக்குப் பொது விடை கிடையாது. வயது குறைவாக இருந்து, ஒன்றிரண்டு பாடம்தான் மிச்சம் என்றால் படிப்பை முடிப்பது நல்லது. வகுப்பறை என்றாலே கசந்துபோனவருக்கு வேலையும் கல்வியும் கலந்த பாதை பொருந்தும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் வாரத்தின் பெரும்பகுதி பட்டறையிலோ அலுவலகத்திலோ, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்று பழகுநர் முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. பழகும் காலத்திலேயே சம்பளம் வரும். பெயருக்குப் பயிற்சி, முடிவில் வேலைக்குப் பயன்படாத ஒரு சான்றிதழ் என்று நடக்கும் குறுகியகால வகுப்புகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். சேர்வதற்கு முன், போன வருடம் இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் போதும். நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.

சின்ன வேலைகளைக் குறைத்து எடைபோட வேண்டாம். சிகாகோவில் 2012-இல் வன்முறை மிகுந்த பகுதிகளின் மாணவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம் கோடைகால வேலை கொடுத்தார்கள், கூடவே ஒரு பெரியவரின் துணையும். யாருக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது அந்தக் குழுவில் 43 விழுக்காடு குறைவாக இருந்தது. வேலை முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் அந்த மாற்றம் நீடித்தது.

முதல் வேலையில் சேரும் இளைஞர் பெரும்பாலும் வேலை தெரியாததால் நிற்பதில்லை. முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாள் தாமதமாகிவிடும். பேருந்து வராமல் போயிருக்கும், வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று போகாமலேயே இருந்துவிடுவார். மறுநாள் போக வெட்கம். மூன்றாம் நாள் மேலாளர் அழைக்கும் போனை எடுக்கப் பயம். வேலை போய்விடும். "தாமதமாகும் என்றால் உடனே கூப்பிட்டு இப்படிச் சொல்" என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். அதனால்தான் வேலை வாங்கிக் கொடுத்ததோடு கைகழுவக் கூடாது. முதல் மூன்று மாதமாவது இருபுறமும் பேசிக்கொண்டிருக்க வேண்டும், இளைஞரிடமும் அவருடைய மேற்பார்வையாளரிடமும். மேற்பார்வையாளருக்கும் சந்தேகங்கள் இருக்கும். அவர் கூப்பிட்டால் எடுக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், சின்னத் தவறுக்கு உடனே நிறுத்திவிட மாட்டார்.

இந்தத் திட்டங்களுக்குப் பணம் தருகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தோம்' என்ற எண்ணிக்கைக்கு மட்டும் பணம் என்று வைத்தால், நடத்துபவர்கள் எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களையே தேடிச் சேர்ப்பார்கள். உதவி இல்லாமலும் கரையேறியிருக்கக்கூடியவர்கள் அவர்கள். படிக்கத் தடுமாறும் பையனும் குழந்தையோடு வரும் பெண்ணும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். யாரைச் சேர்த்தார்கள், ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறார்களா, இடையில் விட்டவர்களை மறுபடி போய்ப் பார்த்தார்களா என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

திட்டம், அலுவலகம் எதுவுமே இல்லாத இடத்தில் உங்கள் உறவிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், தொடங்குவதற்குச் சில வேலைகள் உண்டு. பாதியில் விட்ட படிப்பின் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அடையாள ஆவணங்களோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். பல சேர்க்கைகள் இது இல்லாமலேயே தவறிப்போகின்றன. மீதமுள்ள பாடங்களைத் தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுத முடியுமா என்று விசாரியுங்கள். அவருக்குப் பிடித்த தொழிலில் இருக்கும் ஒருவரிடம், இரண்டு நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த முதல் நாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாயங்காலம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த தொழிலைப் பார்க்கலாம்.